மூன்றாவது திரையில் பச்சை

அத்தியாயம் 14

சின்னவள் பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் வைத்தாள். இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்ப எடுத்துவந்து சாப்பாட்டு மேஜைக்குக் கீழே தள்ளினாள். அங்கேயும் மனசு நிற்கவில்லை. மறுபடியும் வாசலுக்கு. மணி காலை ஆறரைகூட ஆகவில்லை.

"அந்தப் பெட்டிக்குக் கால் இருந்திருந்தா இந்நேரம் உன்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடியிருக்கும்," என்றாள் அண்ணி, டீயை ஆற்றிக்கொண்டே.

சின்னவள் சிரிக்கவில்லை. நான்கு நாளைக்கு முன்னால் கொட்டுகிற மழையில் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டியதிலிருந்து அவள் குட்டி போட்ட பூனை மாதிரிதான் வளைய வந்துகொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதாகியும் இந்த வீட்டில் அவள் சின்னவள்தான். அவளுடைய ஒரே மகள், மலை மேலிருக்கும் ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ், இன்று மாலை நாலு மணி பஸ்ஸில் துறைமுகத்துக்குக் கிளம்புகிறாள். நாளை மாலை கப்பல். கப்பலிலேயே வேலை, இரண்டு வருஷம்.

மூன்று வருஷமாகத் தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லை. புருஷன் செத்த அன்று, அழுகையின் நடுவே, "உன்னாலதான்டி போனாரு" என்று சின்னவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியவில்லை. இப்போது மகளே போன் செய்து, "கிளம்பறதுக்கு முன்னால ஒரு தரம் வந்துட்டுப் போம்மா" என்றாளாம். அதைச் சொல்லும்போது சின்னவளுக்குக் குரல் உடைந்துபோனது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான்கு நாள் மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது. சுற்றுப்பாதையையும் நேற்று ராத்திரிதான் திறந்தார்கள், அதில் காரில் பதினோரு மணி நேரம். விமானத்தில் ஐம்பது நிமிஷம். "நான் பறந்து கொண்டுபோய் விடறேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அந்த அண்ணன் இப்போது மேஜையில் மூன்று திரைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். லேப்டாப், டேப்லட், போன். வீட்டில் அவருக்குக் கேப்டன் என்று பெயர். பெரிய விமானக் கம்பெனி கேப்டன் இல்லை. வீட்டின் முன்னறையிலேயே கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு தனியார் விமானி லைசென்ஸ் எடுத்து, இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து, நாலு பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய குட்டி விமானத்தில் பங்கு வாங்கியிருந்தார். கேப்டன் என்பது அண்ணி கேலியாக வைத்த பட்டம். அவர் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

அண்ணி அவர் மனைவி. கடையில் பிரேம்களை எடுத்துக் காட்டுவதும் லென்ஸுக்கு ஆர்டர் எழுதுவதும் அவள் வேலை. நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டே தெரு முழுக்க அவள் அண்ணியாகிப் போனாள்.

"வழி பாக்கறதுக்கு ஒரு ஆப் போதாதா? எதுக்கு மூணு?" என்று கேட்டாள்.

"எது அந்த ஒண்ணுன்னு முடிவு பண்ணத்தான் மூணு."

இந்த முடிவு ஒன்றரை வருஷமாக எடுக்கப்பட்டு வருகிறது. பறக்கும் கிளப்பில் ஆளுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்வார்கள். நாற்பது பிரேமை மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, முதலில் பார்த்ததையே வாங்கிப் போகிற வாடிக்கையாளர்களைப் பற்றி வாய் கிழியப் பேசுகிற மனுஷர், இந்த விஷயத்தில் அவர்களுக்கெல்லாம் அண்ணனாக இருந்தார்.

லேப்டாப்பில் இருந்தது பழைய வெப்சைட். வானிலையை எழுத்தும் எண்ணுமாக, சங்கேத பாஷையில் கொட்டும். படம் கிடையாது. டேப்லட்டில் இருந்தது சந்தா கேட்கிற ஆப். பதினாலு நாள் இலவசம், இன்று பத்து மணியோடு முடிகிறது. அது வழியில் உள்ள மலைகளைக் குறுக்கே வெட்டிக் காட்டியது. விமானம் போகும் கோடு, கீழே மலை, மேலே மேகம். போனில் இருந்தது முந்தாநாள்தான் அவர் கண்டுபிடித்த இலவச ஆப். புறப்படும் ஊர், போய்ச்சேரும் ஊர், நேரம், எடை இவற்றைப் போட்டால் போதும், போகலாமா கூடாதா என்று ஒரு வட்டத்தில் நிறத்தைக் காட்டிவிடும்.

"சின்னவளே, உன் எடை எவ்வளவு? இதுல போடணும்."

"அறுபது போடுண்ணா."

அண்ணி டீ டம்ளருக்கு மேலாக நாத்தனாரை மேலும் கீழும் பார்த்தாள். "எந்த வருஷத்து அறுபது?"

"அண்ணி!"

"பெட்டி?"

"எட்டு கிலோ இருக்கும்."

அந்தப் பெட்டியைக் காலையில் ஒருமுறை நகர்த்திப் பார்த்த அண்ணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. டீயைக் குடித்து முடித்தாள். கேப்டன் அறுபதும் எட்டும் என்று போட்டுக்கொண்டார்.

டேப்லட்டில் கோடு ஓடியது. இரண்டு மலைகளுக்கு நடுவே விமானம் நுழைந்து போக வேண்டிய இடுக்கில், மேகம் இறங்கி மலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோடு அந்த இடத்தில் சிவந்தது.

தரையைக் கண்ணால் பார்த்தபடி ஓட்டுவதற்குத்தான் அவருக்கு லைசென்ஸ். மேகத்துக்குள் நுழைய அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் மலைக்கு அது தெரியாது.

அவர் புறப்படும் நேரத்தை எட்டு மணி என்று மாற்றினார். சிவப்பு. ஒன்பதரை. சிவப்பு. உயரத்தைக் கூட்டினார், குறைத்தார். பன்னிரண்டு மணி என்று போட்டார். அப்போதும் சிவப்புதான், கொஞ்சம் நீளம் குறைந்த சிவப்பு.

"இது ரொம்பப் பயந்த ஆப்," என்று டேப்லட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போனை எடுத்தார். பன்னிரண்டு மணி. வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பச்சை.

"பாத்தியா!"

சின்னவள் கையெடுத்துக் கும்பிட்டாள். போனையா, அண்ணனையா என்று தெரியவில்லை.

அண்ணி லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். பழைய வெப்சைட் என்ன சொல்கிறது என்று கேட்டாள். "அது எப்பவும் அழுது வடியும்," என்றார் அவர், லேப்டாப்பைத் திரும்பிப் பார்க்காமல்.

"ஏன் சின்னவளே, கப்பல் நாளைக்குச் சாயங்காலம்தானே? காலையில பஸ் இருக்குமே. அவளை ஒரு ராத்திரி தங்கச் சொல்லிட்டா நாம கார்லயே நிதானமாப் போயிடலாமே?"

"வேண்டாம் அண்ணி," என்று சின்னவள் அவசரமாகச் சொன்னாள். "அவளா மனசு இறங்கிக் கூப்பிட்டிருக்கா. இதை மாத்து, அதை மாத்துன்னு நான் ஆரம்பிச்சா மறுபடியும் முறுக்கிக்குவா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மேலே பேசினால் அண்ணி வழக்கம்போல் முட்டுக்கட்டை போடுகிறாள் என்று ஆகிவிடும். அவர் முதல் முதலாகத் தனியாகப் பறந்த அன்றே "இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவள் அவள். இந்த வீட்டில் பயந்தாங்கொள்ளி என்ற பெயர் அவளுக்கு எப்போதோ நிலைத்துவிட்டது. இன்று தடுத்து, அந்தப் பெண்ணும் கப்பலேறிவிட்டால், நாத்தனார் சாகும்வரை அவளை மன்னிக்க மாட்டாள். தடுக்காமல் விட்டு வேறு ஏதாவது நடந்தால்? அந்த நினைப்பை அவள் முழுதாக நினைக்கவில்லை. எழுந்து டம்ளர்களைக் கழுவப் போனாள். ஏற்கெனவே கழுவிய டம்ளர்களையும் சேர்த்துக் கழுவினாள்.

ஒன்பது மணிக்குக் கடை மணி அடித்தது. ஸ்கூல் வேன் டிரைவர். கண் பார்வை சரியாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டும், இன்றைக்கே வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். கேப்டன் அவரை நாற்காலியில் உட்கார்த்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்.

டிரைவர் மேல் வரியிலிருந்து கடைசிப் பொடி எழுத்து வரை மழை மாதிரி பொழிந்தார். ஒரு திக்கல் இல்லை.

கேப்டன் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "பிரமாதம். கடைசி வரியை இப்ப வலது பக்கத்துல இருந்து இடது பக்கமா வாசிங்க."

டிரைவர் வாயைத் திறந்தார். மூடினார். இரண்டு எழுத்துச் சொன்னார். மூன்றாவது எழுத்தில் வண்டி நின்றுபோனது.

"போன தடவை வந்தப்பவே மனப்பாடம் பண்ணிட்டீங்க, இல்ல?"

"சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அடுத்த வாரமே வந்து கண்ணாடி போட்டுக்கறேன். வேலை போயிடும் சார்."

"எழுத்தை மனப்பாடம் பண்ணிடலாம். ரோட்டை மனப்பாடம் பண்ண முடியாது. பின்னால குழந்தைங்க உக்காந்திருக்கும்," என்று சொல்லிச் சான்றிதழ்ப் புத்தகத்தை மூடி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு குரலைத் தணித்து, அன்று சாயங்காலத்துக்குள்ளேயே லென்ஸ் வரவழைத்துத் தருவதாகச் சொல்லி, அண்ணியை ஆர்டர் எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். எழுதும்போதே தன் புருஷன் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு ஏனோ உள்ளே மேஜையில் கிடந்த டேப்லட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

பத்து மணிக்கு டேப்லட் ஆப் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. தொடர்ந்து பார்க்க ஒரு வருஷச் சந்தா கட்டச் சொல்லி ஒரு பெட்டி திரையை மறைத்தது.

"கட்டிடுங்க," என்றாள் அண்ணி.

"ஒரு நாள் பாக்கறதுக்கு ஒரு வருஷக் காசா? நல்லாயிருக்கே கதை."

போன மாதம் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்குப் பேரம்கூடப் பேசாமல் பணம் கொடுத்தவர் அவர். இப்போது அவர் குரலில் இருந்தது கஞ்சத்தனம் இல்லை, நிம்மதி. இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பதினொன்றேகாலுக்கு மூவரும் விமானத் திடலில் இருந்தார்கள். கிளப் அறை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. இரண்டு பழைய சோபா, சுவரில் ஒரு பெரிய வரைபடம், மூலையில் சாமான் எடை போடும் தராசு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெயில் பளிச்சென்று அடித்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அதுதான் அண்ணிக்கு இன்னும் பயமாக இருந்தது. இங்கே நின்று பார்த்தால் யாருக்கும் தைரியம் வரும்.

கேப்டன் பெட்டியைத் தராசில் வைத்தார். பதினாலு கிலோ.

"எட்டுன்னு சொன்னியேடி?"

"அவளோட பழைய சாமானெல்லாம் இருக்குண்ணா. ஸ்கூல்ல வாங்கின கப்பு, போட்டோ ஆல்பம். கேட்டா குடுக்கணுமே."

அவர் பெட்டியை இறக்கி வைத்தார். "பதினாலுன்னு மாத்திடு," என்று போனை மனைவி கையில் கொடுத்துவிட்டு, எரிபொருள் மட்டத்தைப் பார்க்க வெளியே போனார்.

அண்ணி போனோடு ஜன்னலோரம் நின்றாள். பதினாலு என்று போட்டாள். வட்டம் சுற்றியது. பச்சை. விரல் சும்மா இருக்கவில்லை. நாற்பது கிலோ என்று போட்டாள். பச்சை. இது எதைத்தான் பார்க்கிறது?

இரண்டு ஊர்ப் பெயர்களுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு அம்புக்குறிகள் இருந்தன. போகிற வழியைத் திருப்பிப் போட. காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேன் டிரைவரின் திறந்த வாய் அவளுக்கு ஞாபகம் வந்தது. அம்புக்குறியை அழுத்தினாள். மலை ஊரிலிருந்து இங்கே. அதே பன்னிரண்டு மணி. அதே வழி.

வட்டம் சுற்றி நின்றது. சிவப்பு. புறப்படும் இடத்தில் மேகம் மிகவும் தாழ்ந்துள்ளது, பயணம் உகந்ததல்ல என்று கீழே ஒரு வரி.

திருப்பிப் போட்டாள். பச்சை. மறுபடியும் திருப்பினாள். சிவப்பு. நாலு தரம் செய்து பார்த்தாள்.

சோபாவில் சின்னவள் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன அண்ணி, கிளம்பலாமா?"

"இரு, வந்துடறேன்," என்று அண்ணி வெளியே நடந்தாள். நடக்கவில்லை, ஓடினாள்.

கேப்டன் இறக்கைக்குப் பக்கத்தில் ஏணி போட்டு நின்று, அளவுகோல் குச்சியை எரிபொருள் தொட்டியில் விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அவள் போனை நீட்டினாள்.

"இதை வலது பக்கத்துல இருந்து ஒரு தரம் வாசிங்க."

"என்ன?"

"வாசிங்க."

அவர் வாசித்தார். "இது திரும்பி வர்ற வழி. நான் திரும்பறதுக்கு நாலு மணி ஆகும், அதுக்குள்ள மேகம் கலைஞ்சுடும்."

"நாலு மணிக்குப் போடலை. பன்னண்டுக்குத்தான் போட்டேன். இது கிளம்பற ஊரை மட்டும்தான் பாக்குது. போய்ச் சேர்ற ஊரை எட்டிக்கூடப் பாக்கலை. நடுவுல இருக்கிற மலையும் அதுக்குத் தெரியாது. நாப்பது கிலோ பெட்டின்னு போட்டாலும் போயிட்டு வான்னு பல்லைக் காட்டுது."

"உனக்கு ஆரம்பத்துல இருந்தே நான் பறக்கறது பிடிக்கலை."

"ஆமா, பிடிக்கலை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. காலையில அந்த டிரைவருக்கு ஏன் கையெழுத்துப் போடலை?"

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். குச்சியைத் துடைத்தார். துடைத்த குச்சியையே மறுபடியும் துடைத்தார். அப்புறம் தன் போனிலேயே அந்தப் பழைய வெப்சைட்டைத் திறந்து, மலை ஊரின் சங்கேத வரியை எழுத்து எழுத்தாக வாசித்தார். அதை வாசிக்க அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து அந்த அரை நிமிஷத்தைத்தான் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நேத்தே தெரியும்," என்றார். "மத்த ரெண்டும் வேண்டாம்னுதான் சொல்லிச்சு. இது ஒண்ணு மட்டும் போகலாம்னு சொல்லிச்சு. ஏன்னு நான் கேக்கலை. கேட்டா பதில் வந்துடுமே."

அண்ணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அவ புருஷன் போனப்ப நான் போய்ச் சேரலை. ரோடு ரோடா சுத்திப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. வீட்டுல ஒரு பெரிய மனுஷன் இருந்திருந்தா அந்த வார்த்தை அவ வாயில வந்திருக்காது. அதுக்கப்புறம்தான் நான் பறக்கக் கத்துக்கிட்டேன். இந்த ஒரு நாளைக்காகத்தான். இப்பப் போய் அவகிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

மூன்று வருஷமாக அவள் அதை வயசான காலத்துப் பொழுதுபோக்கு என்றே நினைத்துக் கேலி செய்திருந்தாள். அந்தக் கேலி ஒவ்வொன்றும் இப்போது அவளைத் திரும்பி வந்து குத்தியது. பக்கத்தில் குந்தி, அவர் கையிலிருந்த குச்சியை வாங்கி வைத்தாள்.

"வாங்க. நான் சொல்றேன்."

"வேண்டாம்," என்று அவர் எழுந்தார். "நான் சொல்றேன்."

சொன்னார். சின்னவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அண்ணிதானே வேண்டாம்னாங்க?"

"நான்தான் வேண்டாம்னேன். ஓட்டறவன் நான். முடிவு என்னோடது."

"வானம் இப்படிப் பளிச்சுனு இருக்கு! கண்ணு தெரியலையா உனக்கு?"

"அங்க இருட்டிக் கிடக்கும்மா. உன்னை உக்கார வச்சுக்கிட்டு அதுக்குள்ள என்னால நுழைய முடியாது." அவர் கார் சாவியை எடுத்து சோபா மேல் வைத்தார்.

சின்னவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வெளியே போனாள். எங்கே போவது என்று தெரியாமல் வெயிலில் நின்றாள். அண்ணி கார் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், பெட்டியைப் பிடுங்கிக் காரில் ஏற்றினாள்.

"உக்காரு. நான் ஓட்டறேன். பதினோரு மணி நேரம்தானே, ராத்திரிக்குள்ள போயிடலாம்."

"பஸ் நாலு மணிக்கு அண்ணி."

"அதான் இப்பப் பேசப் போறேன். காலை பஸ்ல போகச் சொல்றேன். நீ கேட்டாத்தானே முறுக்கிக்குவா? அத்தை கேட்டா மாட்டா."

அண்ணி தன் போனில் அந்தப் பெண்ணின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, முன்பலகையில் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. திடலின் அந்தப் பக்கத்தில் கேப்டன் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

சின்னவள் சட்டென்று அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணி, என் எடை அறுபது இல்லை. எழுபத்தொண்ணு."

"அது இந்த ஊருக்கே தெரியும். கையை விடு."

"இன்னொண்ணும் பொய்." சின்னவளின் விரல்கள் இறுகின. "அவ என்னைக் கூப்பிடலை. போன் எதுவும் பண்ணலை. கூட வேலை பாக்கிற பொண்ணு சொல்லித்தான் அவ போறதே எனக்குத் தெரியும். கூப்பிட்டான்னு சொன்னாத்தான் அண்ணன் பறப்பான்னு நினைச்சேன். சும்மாப் போய் நின்னுட்டா முகத்தையாவது பாத்துடலாம்னு..."

மணி நின்றது. யாரோ மூச்சு விடும் சத்தம்.

"அத்தையா?" என்றது அந்தக் குரல். பின்னால் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம். "என்ன அத்தை இந்த நேரத்துல?" ஜிப் சத்தம் நின்றது. "அம்மா உங்க பக்கத்துல இருக்காங்களா?"

சின்னவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லுங்கள். கண்ணீர் மோவாயில் வந்து நின்றது.

ஒரு பொய் சொல்லிவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். அண்ணி கண்ணாடிக்கு வெளியே, கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"இருக்காம்மா," என்றாள். "பக்கத்துலதான் உக்காந்திருக்கா."

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. சின்னவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மகள் இன்னும் போனை வைக்கவில்லை.